நாற்பத்தாறு கிலோ வித்தியாசம்

“மேல வந்துடுங்களேன்.”

“நான் கீழயே இருந்துக்கறேன். நீ போ.”

இரண்டு வருடங்களுக்கு முன் கணவனும் மனைவியும் அதைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. பட்டறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் அவன். மாடியில் இரண்டு பெண் குழந்தைகளோடு அவள். நடுவில் பதினேழு படிகள்.

மறுநாள் காலையிலேயே அவனுக்கு மனசு மாறிவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. மேலே குழந்தைகள் சிரிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று நினைப்பான். வீம்பு விடாது.

இன்று பட்டறையில் இரண்டு என்ஜின்கள் இருந்தன. ஒரு பழைய காரிலிருந்து கழற்றிய இரும்பு என்ஜின் ஒன்று. அதற்குப் பதிலாகப் பொருத்த வேண்டிய அலுமினிய என்ஜின் இன்னொன்று. இரண்டையும் எடை போட்டு, வித்தியாசத்தைப் பார்த்துத்தான் காரின் முன்பக்க ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அவள் தொங்கு தராசு மாட்டிய செயின் பிளாக்கின் சங்கிலியை இழுத்தாள். பழைய என்ஜின் முரண்டு பிடிக்கும் எருமை மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு எழுந்தது.

அவள் அதோடு மல்லுக்கட்டவில்லை. இறக்கினாள். கொக்கியை ஒரே ஒரு கண்ணி தள்ளி மாட்டினாள். மறுபடி இழுத்தாள். இம்முறை மட்டம் பார்த்து வைத்ததுபோல நேராக எழுந்தது.

“எவ்வளவு?” என்றான் அவன், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

“தோராயமா நீங்களே சொல்லுங்களேன், முதலாளி.”

“நூத்தி அம்பது.”

“நூத்தி அறுபத்து நாலு. பதினாலு கிலோ உங்க வாயிலயே கரைஞ்சு போச்சு.”

ஆடிக்கொண்டிருந்த என்ஜினை அவள் ஒற்றை விரலால் தொட்டாள். நின்றது. அத்தனை இரும்பும் அந்த ஒரு விரலுக்குக் கட்டுப்பட்டதை அவன் கண்கொட்டாமல் பார்த்தான். இவளுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவன் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடுத்து அலுமினிய என்ஜின். தொண்ணூற்றேழு.

“அறுபத்தேழு கிலோ கம்மி. மெல்லிசு ஸ்பிரிங்கே போதும். எழுதிக்கோ.”

அவள் எழுதவில்லை. குறை கண்டுபிடிக்க வந்த நாத்தனாரைப் போலத் தொங்கும் என்ஜினை ஒருமுறை சுற்றி வந்தாள்.

“என்னங்க இது அநியாயம்? பழசு நகை நட்டெல்லாம் போட்டுக்கிட்டு தராசுல ஏறுச்சு. இது பாவம், வெறுங்கழுத்தோட தொங்குது.”

அவன் பார்த்தான். உண்மைதான். பழையதில் டைனமோ, செல்ஃப் மோட்டார், கிளட்ச் எல்லாம் இருந்தன. புதியதற்கு உரியவை சுவரோரமாக ஒரு பெட்டியில் கிடந்தன. இருபது வருட அனுபவத்துக்கு அது கண்ணில் படவில்லை.

அவள் அவற்றைச் சாக்கில் போட்டு அதே கொக்கியில் மாட்டினாள். நூற்றுப் பதினெட்டு.

“நாப்பத்தாறுதான் வித்தியாசம்” என்றாள். “உங்க ஸ்பிரிங்கப் போட்டிருந்தா வண்டி மூக்கால தரையைக் கூட்டியிருக்கும்.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். வெட்கப்பட வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பிறகு அவள் ஒரு கோணியை நாலாக மடித்து ஸ்டாண்டின் மேல் விரித்தாள். சங்கிலியைக் கண்ணி கண்ணியாக விட்டாள்.

“உக்காரு... உக்காரு... அவ்வளவுதான்.”

சின்னவளைக் குளிப்பாட்டும்போது பேசுகிற அதே குரல். என்ஜின் சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது.

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பாரம் தூக்குகிறவர்களுக்கு முகம் சுளிக்கும். அந்தச் சுளிப்பைத் தன்னால் தாங்க முடியாது என்றுதான் இத்தனை நாள் பயந்திருந்தான். இந்த முகத்தில் அது மருந்துக்கும் இல்லை. இருந்ததெல்லாம் கவனம். அதோடு ஒரு மரியாதை. உயிரில்லாத என்ஜினுக்கே இவ்வளவு மரியாதை.

குழந்தைகள் பள்ளியிலிருந்து வரும் நேரம். அவள் கையைத் துடைத்துக்கொண்டு மாடிப்படியை நோக்கி நடந்தாள்.

“கொஞ்சம் இரு.”

திரும்பினாள்.

அவன் குனிந்து சக்கரத்தின் பிரேக்கை விடுவித்தான். நழுவப் பார்த்த போர்வையை அசையாத கால்கள்மேல் சரிசெய்துகொண்டு, நாற்காலியை முதல் படிவரை உருட்டி வந்தான்.

“போன மாசம் ஆஸ்பத்திரியில பாத்தப்ப அம்பத்தெட்டு கிலோ இருந்தேன்” என்றான்.

“என்னை மேல தூக்கிட்டுப் போறியா?”