நாலு டம்ளர்

“ரெண்டு நாளா வீக்கம் ஏறிக்கிட்டே போகுது, மூச்சும் வாங்குது. யாரோ திருட்டுத்தனமா தண்ணி குடுக்குறீங்க!” என்று கத்திவிட்டுப் போனார் டாக்டர்.

கால் புண்ணின் சீழ் ரத்தத்தில் கலந்து, செத்துப் பிழைத்தவன் முனிராஜ். உயிரைக் காப்பாற்ற பாட்டில் பாட்டிலாக ஏற்றிய குளுக்கோஸ் தண்ணீர் உடம்பிலிருந்து வடிய வேண்டும். அதுவரை குடிக்க, ஒரு நாளைக்கு நாலே டம்ளர் என்பது உத்தரவு. ஒவ்வொரு டம்ளருக்கும் சுவரில் கரிக்கோடு கிழித்தாள் மனைவி காசியம்மாள். அவள் கணக்கு தப்பாது.

காசியம்மாள் தன் நாத்தனார் மாதம்மாளை முறைத்தாள்.

“நான் துணி தொவைக்கப் போனப்ப நீதான குடுத்த? கூடப் பொறந்தவனையே கொல்லப் பாக்குறியா?”

“சத்தியமா இல்லீங்கண்ணி. அண்ணன் அழுதுச்சு. நான் மனச கல்லாக்கிக்கிட்டுத்தான் ஒக்காந்திருந்தேன்.”

“பொய் பேசாத. இனி இந்தப் பக்கமே வராத!”

மாதம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏரியூருக்கு பஸ் ஏறிவிட்டாள்.

சாயங்காலம் நர்ஸ் வந்தாள். “எந்த டம்ளர்லம்மா குடுக்குறீங்க?”

“எப்பவும் வூட்ல அவரு குடிக்கிறதுலதானுங்க.” பித்தளை டம்ளரை நீட்டினாள் காசியம்மாள்.

நர்ஸ் ஆஸ்பத்திரி டம்ளரால் அதில் தண்ணீர் ஊற்றினாள். இரண்டு ஊற்றியும் நிறையவில்லை.

“ஊசி போட்டா வீக்கம் வடிஞ்சுடும், பயப்படாதீங்க” என்றாள்.

ஏரியூர் பஸ்ஸைப் பிடிக்க எழுந்த காசியம்மாள் அப்படியே நின்றாள். அவள் திரும்பி வரும்வரை புருஷன் பக்கத்தில் யாரை உட்காரவைப்பது?

இத்தனை நாளும் அதற்கு இருந்தவள் மாதம்மாள் ஒருத்திதான்.