பாடாத வார்த்தை

அன்று மாலை இசை ரசிகர் சங்கத்தில், தன்னிடம் இருந்த பழைய இசைத்தட்டு ஒன்றைப் பற்றி அவர் பேச வேண்டும். காலையிலேயே மனைவியை எதிரே உட்காரவைத்து ஒத்திகையை ஆரம்பித்துவிட்டார்.

"தானே எழுதித் தானே பாடினவன். 'நீ போன பின்னே இந்த வீட்டில்...'னு ஆரம்பிக்கிறான். முடிக்காமலே அடுத்த அடிக்குப் போயிடுறான். ஏன்? வெறுமைக்கு ஏது வார்த்தை?"

கல்யாணமான புதிதிலிருந்து இந்த இடத்தில் அவர் கண்கலங்கத் தவறியதில்லை. சங்கத்தில் கேட்பவர்களையும் அழவைக்காமல் விட்டதில்லை.

வாசல் மணி அடித்தது. சங்கச் செயலாளர் அதே பாட்டின் புதுத் தட்டு ஒன்றோடு நின்றார்.

"உங்களோடது ரொம்பக் கரகரங்குது சார். சாயந்திரம் இதையே போட்டுடலாம்" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் ஆசையாக ஊசியை வைத்தார்.

"நீ போன பின்னே இந்த வீட்டில் குழாய் ஒழுகுது" என்று பாடகர் தெளிவாக முடித்தார்.

அவர் சட்டென்று ஊசியைத் தூக்கிவிட்டார்.

மனைவி மெல்ல வாயைத் திறந்தாள். "நீங்க அதை வாங்கிட்டு வந்த அன்னிக்கே, தூசி துடைக்கிறேன்னு வளையலால கீறிட்டேங்க. அந்த இடத்துல ஊசி தாவிடுது. சொல்லத்தான் வந்தேன். நீங்க அதைக் கேட்டு அழுதுக்கிட்டிருந்தீங்க. திட்டு மிச்சம்னு விட்டுட்டேன்."

ஒழுகுகிற குழாய்க்காக ஒரு சங்கத்தையே அழவைத்திருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. புதுத் தட்டை எடுத்து மனைவியிடம் நீட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அந்த வளையல் இன்னும் இருக்கா? இதையும் கொஞ்சம் துடைச்சுக் குடேன்."