முன்வரிசையில் ஒரு சின்னச் செருப்பு

“அந்தச் சின்னச் செருப்பை இன்னும் கொஞ்சம் முன்னாடி வைங்க அஜித். சிவப்பா இருக்கு, பார்க்கிறவங்க கண்ணுல அதுதான் முதல்ல படணும்.”

டிவி நிருபர் சௌம்யா சொன்னபடியே கேமராமேன் அஜித்குமார் செருப்பை வரிசைக்கு முன்னால் வைத்தான். மழை விட்டிருந்தாலும் மரங்கள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன.

பூண்டிக்கு மேலே, மேட்டுச்சோலை என்கிற சின்ன மலைக் கிராமத்தின் எல்லை அது. எங்கோ கடலோரத்தில் கரையேறிய புயல் இங்கே வந்து கொட்டித் தீர்த்ததில், விடியும்போது மலைச்சரிவு பிளந்து ஊருக்குள் இறங்கிவிட்டது. பாதிக்கு மேற்பட்ட வீடுகள் சேற்றுக்கு அடியில் கிடந்தன.

முந்தின நாளே எல்லோரையும் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். சிலர் போனார்கள். சிலர், மாட்டையும் வெள்ளைப்பூண்டையும் விட்டுவிட்டு எப்படிப் போவது என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். யார் போனது, யார் இருந்தது என்று வெளியே ஒருவருக்கும் தெரியாது. இப்போது ஓடையைத் தாண்ட வழியில்லை, போனும் வேலை செய்யவில்லை.

தீயணைப்பு வண்டி, விழுந்த மரங்களை அறுத்துக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தது. இவர்கள் இருவரும் அதை முந்திக்கொண்டு நடந்தே வந்துவிட்டார்கள். வந்ததும் சௌம்யா தொண்டை வறளக் கத்திப் பார்த்தாள். பதில் குரல் வரவில்லை.

“உள்ள போய்ப் பார்ப்போமா மேடம்?”

“வேண்டாம். மண்ணு இன்னும் சரியுது. அவங்க வரட்டும்.”

அப்போதுதான் ஊர் வாசலில் இருந்த தகரக் கொட்டகை கண்ணில் பட்டது. அதன் கீழே தட்டைக் கற்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. கற்களின் மேல் செருப்புகள். ஒரு கல்லில் நாலு ஜோடி, அடுத்த கல்லில் ஒன்றுமில்லை, அதற்கடுத்ததில் ஒரே ஒரு ஜோடி என்று ஒழுங்கில்லாமல் கிடந்தன.

“பாவம், உயிரைக் கையில பிடிச்சிக்கிட்டு ஓடும்போது கழட்டிப் போட்டுட்டு ஓடியிருக்காங்க” என்றாள் சௌம்யா.

“ஓடுறவங்க கல்லு மேலயா வச்சிட்டு ஓடுவாங்க?” என்றான் அஜித்குமார்.

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வழியில் கடைசியாகச் சிக்னல் கிடைத்த இடத்தில் செய்தி ஆசிரியர் கூப்பிட்டிருந்தார். “அடுத்த சேனல்ல வீடு இடியறதையே காட்டுறான். நீ என்னம்மா வச்சிருக்கே?” என்று அவர் கேட்டது இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

“இப்படிச் சிதறிக் கெடந்தா ஃபிரேம்ல அடங்காது. எல்லாத்தையும் நடுவில கொண்டாந்து வைப்போம். அப்புறம் கேமராவை எடுங்க.”

கல் நெஞ்சக்காரி இல்லை சௌம்யா. ஒவ்வொரு ஜோடியையும் பதமாக எடுத்து வந்து வைத்தாள். அந்தச் சிவப்புச் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் துப்பட்டாவாலேயே துடைத்தாள். பெரியது பின்னால், சிறியது முன்னால் என்று அழகாக அடுக்கி முடித்துவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

“இந்தச் செருப்புகளுக்குச் சொந்தக்காரர்கள் இப்போது எங்கே? பதில் சொல்ல இங்கே யாருமில்லை.”

குரல் தானாகவே உடைந்தது. ஒரே டேக்கில் முடிந்தது. இதை எல்லாச் சேனலும் கேட்டு வாங்கிப் போடப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குள் கீழே பேச்சுச் சத்தம் கேட்டது. தீயணைப்பு வீரர்கள் மண்வெட்டியோடு மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். அந்த ஊர்க்காரர், தங்கமுத்து. பூண்டு மூட்டையோடு சந்தைக்குப் போய், பாதை அடைபட்டுக் கீழேயே மாட்டிக்கொண்டவர்.

“நாங்க ஆறே பேருதான். ஒரு நேரத்துல ஒரு வீட்டைத்தான் தோண்ட முடியும்” என்றார் தீயணைப்பு அதிகாரி. “ஆளில்லாத வீட்டைத் தோண்டிக்கிட்டிருந்தா, மூச்சு இருக்கிறவன் செத்துப் போவான். எந்த வீட்டுல ஆள் இருக்குன்னு எப்படிய்யா கண்டுபிடிக்கிறது?”

“அது ஒண்ணும் கஷ்டமில்ல சார். வெரசா வாங்க” என்றார் தங்கமுத்து. “எங்க ஊருக்குள்ள யாரும் செருப்புப் போடுறதில்லங்க. சாமிக் கட்டுப்பாடு. எல்லையிலேயே கழட்டிருவோம். வீட்டுக்கு ஒரு கல்லு, வீடு இருக்கிற வரிசையிலேயே கல்லும் கெடக்கும். வெளிய போறவுக மாட்டிக்கிட்டுப் போயிருவாக. எந்தக் கல்லுல செருப்பு கெடக்கோ, அந்த வீட்டுல ஆள் இருக்குன்னு அர்த்தம். மொதல்ல அங்கன தோண்டுங்க.”

சௌம்யாவின் கையிலிருந்த மைக் நழுவியது. கேமராவைப் பையில் வைத்துக்கொண்டிருந்த அஜித்குமார் திரும்பி அவளைப் பார்த்தான்.

தங்கமுத்து கொட்டகைக்குள் குனிந்து நுழைந்தார். கற்கள் எல்லாமே காலியாக இருந்தன. ஒரு நிமிஷம் அவர் முகம் மலர்ந்தது, எல்லோரும் தப்பிவிட்டார்கள் என்று. அப்புறம்தான் நடுவில் அடுக்கியிருந்த வரிசையைப் பார்த்தார்.

மெதுவாகக் குனிந்து முன்னாலிருந்த சிவப்புச் செருப்பை எடுத்தார். சந்தையில் ஒரே கடையில் வாங்கியது, அந்த ஊரில் பல வீட்டுப் பிள்ளைகள் போடுவது. அவருடைய மகளும் போடுவாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு சௌம்யாவிடம் வந்தார். அவர் கோபப்படவில்லை, கெஞ்சினார்.

“நல்லா யோசிச்சுச் சொல்லு தாயி. இந்தப் பிள்ளை எந்தக் கல்லுல இருந்துச்சு?”