வெறும் மிக்ஸி

ஒவ்வொரு காட்சியும் எந்தப் படத்திலிருந்து எடுத்தது என்று திரையின் அடியில் காட்டியாக வேண்டும் என்ற சட்டம் வந்ததிலிருந்து, பூரணி தன் கணவன் நன்மாறன் இயக்கும் படங்களைப் பார்ப்பதில்லை. அடியில் ஓடும் எழுத்துகளைத்தான் படிப்பாள். மழைச் சண்டை ஹாங்காங் படம். கூலிக்கொலைகாரன் இட்லி தின்பது இத்தாலியப் படம். போன படத்தில், அவளிடம் அவன் காதலைச் சொன்ன அதே வசனம் வந்தது. பழைய கொரியப் படத்துச் சரக்கு என்று அடியில் ஓடியது. அன்றிலிருந்து அவன் எதைச் சொன்னாலும் அவளுக்குச் சந்தேகம்தான்.

"சுட்டாலும் என் ஸ்டைல்ல சுடுறேன்ல?" என்று சிரிப்பான்.

புதுப் படத்தை வீட்டிலேயே போட்டுக் காட்டினான். வழக்கம்போல ஊர் உலகத்துப் படங்களெல்லாம் அடியில் ஓடின. திடீரென்று பச்சையில் ஒரே ஒரு சொல் வந்தது: 'சொந்தம்'.

நன்மாறன் துள்ளி எழுந்தான். "பாத்தியா பூரணி! இது முழுக்க என் மண்டையில உதிச்சது!"

திரையில் ஒரு பெண், அழுகைச் சத்தம் வெளியே கேட்காமலிருக்க வெறும் மிக்ஸியை ஓடவிட்டு, அதன்மேல் குனிந்து அழுதுகொண்டிருந்தாள். கேமரா அதைச் சமையலறைக் கதவிடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருந்தது.

கரு கலைந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று பூரணி அப்படித்தான் அழுதாள். யாரிடமும் சொன்னதில்லை. ஷூட்டிங்கில் மாட்டிக்கொண்டேன், வர முடியாது என்று அன்று அவன் போனில் சொல்லியிருந்தான்.

"ஏங்க," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அன்னைக்குக் கதவுக்கு வெளிய எவ்வளவு நேரம் நின்னீங்க?"