ஏழு எண்ணும் வரை

பழைய தாதா காதல் படம் ஒன்று மத்தியானம் சண்டை மாஸ்டர் வீட்டு டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. தாதா தன் காதலிக்காக மாடியிலிருந்து குதிக்கும் காட்சியில், நிஜமாகக் குதித்துச் செத்தவன் டூப். கீழே அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளை எட்டிக்கூடப் பார்க்காமல், "எல்லாம் சரியா இருக்கு, குதிடா" என்றவர் இந்தச் சண்டை மாஸ்டர்தான்.

அந்த இடம் வந்தால் மாஸ்டர் டிவி சத்தத்தை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஏழு எண்ணித் திறந்தால், காதலி தாதாவைக் கட்டிக்கொண்டிருப்பாள்.

இன்று திறந்தபோது டூப் இன்னும் மாடி விளிம்பிலேயே நின்றான். சட்டை காற்றில் படபடத்தது. மாஸ்டர் மறுபடியும் ஏழு எண்ணினார். அவன் குதிக்கவில்லை.

சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"ஏங்க, பெட்டியெல்லாம் சரியா இருக்கான்னு யாரோ எவ்வளவு நேரமா கேக்கறாங்க. பதில் சொல்லக் கூடாதா?"