டேனியல் சாரின் பசி

தங்கபுஷ்பத்தின் வேலை, டேனியல் சாருக்காக மெல்வது. அவருக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம். அது செரிக்க வேண்டுமானால், மெல்லும் உணர்வை அவருக்கு அனுப்பும் வில்லையைத் தாடையில் ஒட்டிக்கொண்டு இங்கே இவள் மென்றாக வேண்டும். அங்கே அவர் வயிறு அதை உணர்ந்துகொள்ளும். அலுவலகத்தில் அவளுக்குத் தனிக் கூண்டு, சப்பென்ற இட்லி. சில நாட்களாக அவர் குடல் அசையவே மாட்டேனென்றது.

நேற்று அவசரத்தில் வில்லையைக் கழற்றாமலே வீட்டுக்குப் போய்விட்டாள். ஊரிலிருந்து தங்கை வந்திருந்தாள். கருவாட்டுக் குழம்பை நடுவில் வைத்துக்கொண்டு, இருவரும் சிரித்தும் சண்டை போட்டும் தின்று தீர்த்தார்கள்.

காலையில் டேனியல் சாரின் மனைவி ஃபோன் செய்தபோது, வேலை போயிற்று என்றே நினைத்தாள்.

"ராத்திரி அவரு பசிக்குதுன்னு வாயத் தொறந்து சொன்னாரு புஷ்பம். எத்தன மாசமாச்சு! இன்னைக்கும் அதக் கழட்டாமப் போறியா?"

"சரிம்மா" என்றுவிட்டாள். ஆனால் தங்கை விடிகாலை பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டாள். வீட்டில் இனி இவள் ஒருத்திதான்.

மாலையில் கருவாட்டை வறுத்து வைத்துவிட்டு, துணிக்கொடித் தகராறில் பேச்சை முறித்துக்கொண்ட எதிர்வீட்டு லில்லியின் கதவைத் தட்டினாள்.

"சாப்பிட வாடி. சண்டைய அங்க வச்சுப் போட்டுக்கலாம்."