அம்பு போகாத கட்டம்

“யாரும்மா செத்துட்டாங்க?” என்று மகள் கேட்டாள். “செத்து ரொம்ப வருஷம் ஆச்சு சார், ஒருத்தரும் கவனிக்கல” என்று அம்மா போனில் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது.

“ஒரு வரி செத்துப்போச்சு, கண்ணு. நீ பாலைக் குடி.”

அம்மாவின் வேலை அப்படி. கம்ப்யூட்டர் புரோகிராமை ஓட்டாமலே, எந்த வரியிலிருந்து எந்த வரிக்குப் போகலாம் என்று கட்டமும் அம்புமாகப் படம் போட்டுப் பார்ப்பாள். எந்த அம்பும் போய்ச் சேராத கட்டம் இருந்தால், அது செத்த வரி.

இந்த முறை செத்துக் கிடந்தது ஆஸ்பத்திரி டோக்கன் புரோகிராமில். கூப்பிட்டும் வராதவர்களின் டோக்கனை ரத்து செய்யும் வரி அது. யாரோ அதற்கு முன்பே வழியை மறித்து, தாமதமாக வருகிறவர்களை வரிசையின் கடைசிக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள்.

ஆபீசில் நுழைந்ததும், “எப்ப எடுக்கறாங்க?” என்று பக்கத்து சீட்டுக்காரன் செத்த வரிக்குத் துக்கம் விசாரித்தான்.

பின்னாலேயே மேனேஜர் வந்தார். ஆள் முகத்தைப் பார்க்கும் முன் மணியைப் பார்ப்பவர் என்பதால் அவருக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர்.

“ஆஸ்பத்திரிக்காரங்க குதிக்கறாங்க. மறிச்சது யாருன்னு உங்க படம் சொல்லுமா?”

“வழியைத்தான் காட்டும் சார், ஆளைக் காட்டாது. பழைய பதிவெல்லாம் அழிஞ்சுபோச்சு.”

“அப்ப தப்புன்னு எழுதி, வழியைத் திறந்து விடுங்க. தெரிஞ்சே வச்சதுன்னு எழுதினா, கையெழுத்துப் போடறவங்க தலைதான் உருளும்.”

அவளுக்கு ஒரு நாள் நினைவுக்கு வந்தது. மகள் கைக்குழந்தை, உடம்பு கொதித்தது, பஸ் வேறு நடுவழியில் நின்றுவிட்டது. “டோக்கன் ரத்தாயிடுச்சும்மா, நாளைக்கு வாங்க” என்றாள் கவுண்டர் பெண். உள்ளே கம்ப்யூட்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்த யாரோ, “பாப்பாவுக்கு முடியல போல, கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க” என்றார். சற்று நேரத்தில் டோக்கன் உயிரோடு வந்தது.

அந்தக் கவுண்டர் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் இருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்துத்தான் பிற்பாடு இங்கே வேலைக்கு மனுப் போட்டாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, அறிக்கையில் ‘தெரிந்தே வைத்தது’ என்று எழுதினாள். ‘வருகிறவர்கள் நோயாளிகள். தாமதம் ஆகத்தான் செய்யும்’ என்று காரணமும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கடவுளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. முகம் தெரியாத அந்த ஆளுக்குப் பட்ட கடன் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். அறிக்கையைப் படித்தார். திட்டுவார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் பேனாவை எடுத்து அவள் பெயரை அடித்தார். அந்த இடத்தில் தன் பெயரை எழுதினார். அன்று முதல் முறையாக, மணியைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

“பாப்பாவுக்கு அன்னிக்கே காய்ச்சல் விட்டுதா?”